மாமனாரின் துப்பாக்கிக்கு மூன்று கால்

கல்யாணமாகி நாலு வருஷம் வரைக்கும் என் மாமனார் என்னிடம் எதையும் கேட்டதில்லை. மணி என்ன என்றுகூடக் கேட்டதில்லை. கடிகாரம் என் கையில் இருக்கும், மனுஷர் சமையலறைப் பக்கம் திரும்பி, "பாப்பா, டைம் இன்னா?" என்பார். என் மனைவி கையைத் துடைத்துக்கொண்டு வந்து, என் மணிக்கட்டைத் தூக்கிப் பார்த்து, அவரிடம் சொல்லிவிட்டுப் போவாள். மணி சொல்லும் கம்பத்துக்கு என்ன மரியாதையோ அதுதான் எனக்கு.

அவர் ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். ஜவ்வாது மலைச் சரிவில் கொஞ்சம் மேட்டு நிலம், அந்தப் பக்கத்துப் பேச்சில் கொல்லை, வாங்கி மல்லாட்டை போட்டுக்கொண்டிருந்தார். மல்லாட்டை என்றால் வேர்க்கடலைதான். அவர் முன்னால் வேர்க்கடலை என்று சொன்னால் கோபம் வரும். காட்டுப்பன்றி வந்து கொல்லையைக் கிளறும் என்பதற்காக முறையாக எழுதிக் கொடுத்து, லைசென்ஸ் வாங்கி, ஒரு ரைஃபிள் வைத்திருந்தார். நான் ஆவடியில் பீரங்கி வண்டி செய்யும் தொழிற்சாலையில் ஃபிட்டர். அரசாங்கக் குவார்ட்டர்ஸ் வாசம். "ராணுவத்துக்கு வண்டி செய்யறவன் வேற, ராணுவத்துல இருந்தவன் வேற" என்று கல்யாணப் பந்தியிலேயே யாரிடமோ சொன்னார். இலை போட்டு உட்கார்ந்திருந்த எனக்கும் கேட்டது. கேட்கட்டும் என்றுதான் சொன்னார்.

எண்பதுகளின் கடைசியில் ஒரு நாள் ஊரிலிருந்து வந்தவர், காப்பியைக் குடித்து முடித்துவிட்டு, டம்ளரைக் கீழே வைக்காமல் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம், டம்ளரிடம் சொல்வது மாதிரி, "மாப்ள, துப்பாக்கிக்கு ஒரு தாங்கல் வேணும்" என்றார்.

சமையலறையில் கரண்டிச் சத்தம் நின்றது.

"துப்பாக்கி முன்ன மாதிரி இல்ல. வெயிட் ஏறிப்போச்சு" என்றார். இரும்புக்கு எப்படி வெயிட் ஏறும் என்று நான் கேட்கவில்லை. அவர் இடது கையில் டம்ளர் லேசாக நடுங்கிக்கொண்டிருந்தது. அவர் அதைப் பார்க்காத மாதிரி இருந்தார். நானும் பார்க்காத மாதிரி இருந்தேன். போன வருஷம் பன்றி பாதிக் கொல்லையைத் தின்றுவிட்டது. குறி பார்த்து இவர் சுட்டதெல்லாம் ஆகாயத்துக்குப் போனது.

"கவட்டைக் குச்சி வெச்சுப் பாத்தேன். அது ஒத்தக் காலு. என்னோட சேந்து அதுவும் ஆடுது. சரிவு இன்னா சரிவு தெரியுமா? நின்னா வழுக்கும், ஒக்காந்தா உருளும். அந்தச் சரிவுல நிக்கணும், ஆடக்கூடாது, தூக்கிட்டு ஏற லேசா இருக்கணும். மூணே கண்டிஷன். நீ மிஷின் ஆள்தானே?"

நாலு வருஷத்தில் முதல் வேண்டுகோள். "செஞ்சுடலாம் மாமா" என்று சொன்ன வேகத்தில் எனக்கே மூச்சு வாங்கியது. இதை மட்டும் ஒழுங்காகச் செய்துவிட்டால் நான் கம்பத்திலிருந்து மனுஷனாகிவிடுவேன். சொதப்பினால் ஆயுசுக்கும் கம்பம்தான். அவருக்கு மல்லாட்டை, எனக்கு மானம்.

எனக்கு இரண்டு கூட்டாளிகள். ஒருவர் மேனாம்பேட்டு வெல்டர். பரம்பரையாக அந்த ஊர்க்காரர், அண்ணன் அம்பத்தூரில் ஜன்னல் கிரில் பட்டறை வைத்திருந்தார். இன்னொருவர் எங்கள் குவார்ட்டர்ஸில் எதிர் பிளாக், திருநெல்வேலிக்காரர், டிராயிங் ஆபீஸில் வேலை. பென்சிலைக் காதில் செருகிக்கொண்டே கல்யாணத்துக்குக்கூட வருவார். விஷயத்தைச் சொன்னதும் இரண்டு பேரும் தங்கள் மாமனாரே கேட்டது மாதிரி கிளம்பிவிட்டார்கள்.

முதலில் எத்தனை கால் என்பதில் ஒரு வாரம் போனது.

"ரெண்டு காலு போறும்" என்றேன் நான். குழலில் மாட்டிப் படுத்துக்கொண்டு சுடுகிற வகையைப் படத்தில் பார்த்திருந்தேன்.

"ரெண்டு காலு வெச்சிகினு மனுசனே நிக்க மாட்டேங்குறான் மாமே" என்றார் வெல்டர். "சாயங்காலம் சாராயக் கடையாண்ட வந்து பாரு."

"படுத்தா மல்லாட்டைச் செடி கண்ணை மறைக்கும்லா?" என்றார் திருநெல்வேலிக்காரர். "பன்னி வந்து இவரு காதுல மோந்து பாத்துட்டுப் போவும். மூணு காலுதாம் வே. அடுப்புக்குக்கூட ஆண்டவன் மூணு கல்லுதான் வச்சிருக்கான். நாலு கல்லு வச்சா பானை ஆடும்."

மூணு கால் என்று முடிவானது. மூணு காலில் தயாராகக் கிடைப்பது போட்டோக்காரரின் ஸ்டாண்டு. வெல்டரும் நானும் பூந்தமல்லி பஸ்ஸைப் பிடித்துக் கரையான்சாவடியில் இறங்கி, மெயின் ரோட்டில் ஒரு ஸ்டூடியோவுக்குப் போனோம். உள்ளே கண்ணாடிக்கு முன்னால் நின்று கடைக்காரர் தலை சீவிக்கொண்டிருந்தார்.

"இன்னா சைஸ் போட்டோ?"

"போட்டோ இல்ல நைனா" என்றார் வெல்டர். "அந்த மூணு காலு ஸ்டாண்டு கீதே, அத்த ரெண்டு நாளு வாடகைக்குக் குடு."

"கேமரா வெச்சிகினு கீறீங்களா?"

"கேமரா எதுக்கு? துப்பாக்கி கீது."

கடைக்காரரின் சீப்பு தலையிலேயே நின்றுவிட்டது. எங்கள் இரண்டு பேர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். என் முகம் பரவாயில்லை. வெல்டருக்கு மீசையும் உண்டு, நெற்றியில் தீப்பொறி பட்ட தழும்பும் உண்டு.

"எடுத்துகினு போங்கண்ணாத்தே" என்றார். "வாடகை வேணாம். நான் ஒண்ணும் பாக்கல."

"எங்க மாமனாருக்குங்க, பன்னி சுட..." என்று நான் விளக்கப் போனேன். "பன்னி" என்று நான் யாரைச் சொல்கிறேன் என்று அவர் யோசித்திருக்க வேண்டும். ஸ்டாண்டை எடுத்து என் கையில் திணித்து, ஷட்டரை இறக்கிவிட்டார். பட்டப்பகல் பதினோரு மணி.

அந்த ஸ்டாண்டைச் சோதித்த விதத்தில்தான் எங்கள் தொழில் புத்தி வெளியே வந்தது. வருஷக்கணக்கில் பீரங்கி வண்டியோடு பழகியவர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு: எது எவ்வளவு தாங்க வேண்டுமோ, அதைப் போல மூன்று பங்கு ஏற்றிப் பார்த்தால்தான் ராத்திரி தூக்கம் வரும். துப்பாக்கி மூன்றரைக் கிலோ இருக்கும். நாங்கள் ஒரு கடப்பாரையைக் கொண்டுவந்து ஸ்டாண்டின் தலையில் கட்டினோம். அது, பாரம் ஏற்றுவதற்கு முழங்காலை மடக்கும் ஒட்டகம் மாதிரி, ஒவ்வொரு காலாக மடக்கி, மெதுவாக உட்கார்ந்து, படுத்துவிட்டது.

"கீலு வெச்சதால வந்த வெனை" என்றார் வெல்டர். "மடக்குற காலு மடங்கத்தான் செய்யும். வெல்டிங்ல உட்டுட்டா மடங்காது. வெல்டிங்ல ஒட்டாதது ஒலகத்துல மாமியா மருமவ மட்டுந்தான்."

ஆடக்கூடாது என்பது மாமனாரின் கண்டிஷன் அல்லவா? மடக்கும் கால் வேண்டாம், நீட்டிக் குறைக்கும் திருகு வேண்டாம், எல்லாம் ஒரே கட்டாக, அசையாமல் பற்றவைத்த இரும்பு என்று முடிவு செய்தோம். ஸ்டாண்டைத் திருப்பிக் கொடுக்க மறுநாள் போனால் ஸ்டூடியோ மூடியிருந்தது. அடுத்த நாளும் மூடியிருந்தது. பக்கத்து டீக்கடையில் கொடுத்துவிட்டு வந்தோம். ஸ்டூடியோக்காரருக்குக் காய்ச்சல் என்று டீக்கடைக்காரர் சொன்னார்.

அடுத்த சிக்கல் சரிவு. அசையாத காலை வைத்துச் சரிவில் நிறுத்த வேண்டுமென்றால், மேட்டுப் பக்கக் கால் குட்டை, பள்ளத்துப் பக்கக் கால் இரண்டும் நெட்டை. எவ்வளவு குட்டை, எவ்வளவு நெட்டை? அதற்குச் சரிவை அளக்க வேண்டும்.

எங்கள் ஊர்ப் பக்கத்தை அறியாதவர்களுக்குச் சொல்கிறேன். ஆவடியும் அம்பத்தூரும் தோசைக்கல். ஒரு குடம் தண்ணீரைக் கொட்டினால், எந்தப் பக்கம் போகலாம் என்று அது கொஞ்ச நேரம் யோசிக்கும். முடிவுக்கு வராமல் அங்கேயே நின்று கொசு வளர்க்கும். ரயில்வே மேம்பாலம் ஒன்றுதான் ஏற்றம். அதில் நடுரோட்டில் அளவெடுத்தால் லாரி ஏறும். கட்டட வேலைக்குக் கொட்டியிருந்த ஜல்லிக் குவியலில் ஏறிப் பார்த்தோம். மேஸ்திரி எங்கள் பரம்பரையையே விசாரித்தார்.

"திருநின்றவூர் ஏரிக்கரை இருக்குல்லா?" என்றார் திருநெல்வேலிக்காரர்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மின்சார ரயிலில் மூன்று பேரும் போனோம். ரசமட்டம், தூக்குக்குண்டு, பள்ளிக்கூடக் கோணமானி, நூல்கண்டு, நோட்டு எல்லாம் எடுத்துக்கொண்டோம். கரைச் சரிவில் நூல் பிடித்துக் குனிந்து நிமிர்ந்துகொண்டிருந்தால், கால் மணி நேரத்தில் இருபது பேர் கூடிவிட்டார்கள். அந்த நாளில் திருநின்றவூரில் மூன்று பேர் நூல் பிடித்தால் அதற்கு ஒரே அர்த்தம்தான்.

"கிரவுண்டு எவ்ளோ சார் சொல்றீங்க?" என்றார் வில்லிவாக்கத்திலிருந்து மனை பார்க்க வந்த ஒருவர்.

"இது பிளாட்டு இல்லீங்க."

"அப்பிடித்தான் மொதல்ல சொல்வாங்க" என்று அவர் மனைவியிடம் சொன்னார். "ஏரியைப் பாத்த மனை. வெலை ஏறிடும்."

எருமை குளிப்பாட்டிக்கொண்டிருந்த உள்ளூர்ப் பெரியவர் தண்ணீரிலிருந்தே குரல் கொடுத்தார். "யோவ், கரையக் கூறு போட்டா ஏரி எங்கய்யா நிக்கும், ஒன் பாக்கெட்லயா?"

"தாத்தா, இது துப்..." என்று வாயெடுத்த வெல்டரின் காலை நான் மிதித்தேன். ஸ்டூடியோ அனுபவம் ஒன்று போதும். "காலேஜ் பரீட்சைக்கு" என்றேன். எங்கள் மூவருக்கும் சேர்த்து வயசு நூறு தாண்டியிருக்கும். "எத்தினி தபா பெயிலு?" என்று கேட்டுவிட்டுப் பெரியவர் எருமைப் பக்கம் திரும்பிவிட்டார்.

கரைச் சரிவு இருபத்தேழு டிகிரி. திருநெல்வேலிக்காரர் அதை மூன்று இடத்தில் அளந்து சராசரி எடுத்தார். முன்பக்கத் தோற்றம், பக்கவாட்டுத் தோற்றம், மேல் தோற்றம் என்று பெரிய தாளில் டிராயிங் போட்டார். அரை டிகிரிக்கு மேல் பிசகக்கூடாது என்று ஓரத்தில் சிவப்பு மையால் எழுதி, கையெழுத்தும் போட்டார். பழைய இரும்புக் கடையில் ஆங்கிள் வாங்கி, அம்பத்தூர் பட்டறையில் வெல்டர் இரண்டு ஞாயிறு உட்கார்ந்து பற்றவைத்தார். தலையில் துப்பாக்கி உட்கார ஒரு வளைவு, அதில் சைக்கிள் டியூப் சுற்று, மேலே பச்சை பெயின்ட். "என் அண்ணன் பட்டறைல கிரில்லுக்குக் கூட இவ்ளோ அழகா வெல்டு உட்டதில்ல நானு" என்று அவரே தடவித் தடவிப் பார்த்தார். காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சு. இது எங்கள் மூன்று பேருக்கும் சேர்த்துப் பிறந்த குஞ்சு.

எடை பதினோரு கிலோ. லேசாக இருக்க வேண்டும் என்ற கண்டிஷன் எங்கே போனது என்று யாருக்கும் ஞாபகம் இல்லை.

அடுத்த மாதம் மாமனார் வந்தார். நேரே ஏரிக்கரைக்கு அழைத்துப் போனோம். துப்பாக்கிக்குப் பதில் என் குடை. தாங்கலைச் சரிவில் வைத்தேன். பூமியிலிருந்து முளைத்தது மாதிரி நின்றது. வெல்டர் அதன் மேலேயே ஏறி உட்கார்ந்து, காலாட்டி, பீடி பற்றவைத்துக் காட்டினார். அசையவில்லை.

மாமனார் அதற்குப் பின்னால் உட்கார்ந்தார். குடையை வளைவில் வைத்து, ஒரு கண்ணை மூடி, எதிரே தண்ணீரில் நின்ற எருமை ஒன்றைக் குறி பார்த்தார். இடது கை குடைக் கம்பியைப் பிடித்திருந்தது. அந்தக் கையையே நான் பார்த்துக்கொண்டிருந்தேன். நடுக்கம் இல்லை. குடை நுனி எருமையின் காதிலேயே நின்றது. ரொம்ப நேரம் அப்படியே இருந்தார்.

"டீக் ஹை" என்றார்.

இந்தியில் 'சரி' என்று அர்த்தம். ராணுவத்தில் அதற்கு மேல் பாராட்டு கிடையாது என்று என் மனைவி பிற்பாடு சொன்னாள். இவள் பிறந்தபோதுகூட அவரிடமிருந்து "டீக் ஹை" என்றுதான் தந்தி வந்ததாம்.

வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைவது எங்கே என்று கேட்டால், திருநின்றவூர் ஸ்டேஷன் பிளாட்பாரத்தில். தோளிலிருந்த தாங்கலை மாமனார் தரையில் வைத்தார். அது ஒரு கணம் நின்றது. பிறகு, பெரிய மனுஷரைக் கண்டவன் மாதிரி குட்டைக் கால் பக்கமாகக் குனிந்து, குப்புற விழுந்தது. எடுத்து மறுபடி வைத்தார். மறுபடி கும்பிட்டு விழுந்தது.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. உலகத்தில் இருபத்தேழு டிகிரிச் சரிவில் மட்டும் நிற்கும் ஒரு பொருளை நாங்கள் செய்திருக்கிறோம். அதுவும் அரை டிகிரி பிசகாமல். இவர் கொல்லைச் சரிவு எவ்வளவு என்று மூன்று பேரில் ஒருவரும் கேட்கவில்லை. தையல்காரர் மாப்பிள்ளையை அளக்காமல், வாசலில் நின்ற மாட்டை அளந்து சட்டை தைத்த கதை.

விழுந்து கிடந்த தாங்கலை மாமனார் பார்த்தார். என்னைப் பார்த்தார். அதைத் தோளில் தூக்கிக்கொண்டார். ரயில் வந்தது.

பதினைந்து நாளில் கார்டு வந்தது. 'தாங்கல் நன்றாக நிற்கிறது. அனைவரும் நலம்.' அவ்வளவுதான். எனக்கு நம்பிக்கை இல்லை.

"அப்பா பொய் எழுத மாட்டாரு" என்றாள் மனைவி.

"மலை போய் ஏரிக்கரை மாதிரியா இருக்கும்?"

"அதை முன்னாடியே கேக்கறதுக்கென்ன? மூணு பேரு, ஒரு கோணமானி, ஒருத்தருக்கும் வாய் இல்லையா?"

திருநெல்வேலிக்காரரிடம் சொன்னேன். காதிலிருந்து பென்சிலை எடுத்தார், எதுவும் எழுதாமல் மறுபடி காதில் வைத்துக்கொண்டார். வெல்டர் மட்டும் அசரவில்லை. "ஆடத் தெரியாதவளுக்குக் கூடம் கோணல்ன்ற மாரி சொல்லாதே மாமே. நம்ம ஸ்டாண்டு கரீட்டு. மலைதான் கோணல்."

மல்லாட்டை பிடுங்கும் சமயத்தில் லீவு போட்டுக் குடும்பத்தோடு போனோம். கொல்லைக்கு ஏறும்போதே எனக்கு முழங்கால் பேசியது. நம் ஏரிக்கரை இந்தச் சரிவுக்கு ஒன்றுவிட்ட தம்பிகூட இல்லை. செங்குத்து. அதன் நடுவில், பாறைக்கும் செடிக்கும் இடையில், ஒரு துண்டு நிலம் மட்டும் வேறு மாதிரி, மழமழவென்று செதுக்கி, ஓரத்தில் கல் அடுக்கி, இதமாகச் சாய்ந்திருந்தது. அதன் மேல் எங்கள் பச்சைத் தாங்கல் ராஜா மாதிரி நின்றது.

மாமியார் பின்னாலேயே வந்தார்.

"பாத்துக்கோங்க மாப்ள. ஒங்க ஸ்டாண்டு நிக்கலன்னு இவரு மலைய வெட்டினாரு. ஒம்போது நாளு. கடப்பாரையும் மம்புட்டியுமா. வெட்டறது, அத்த வெச்சுப் பாக்கறது, அது உழறது, மறுபடி வெட்டறது. ஊரே வந்து நின்னு பாத்துச்சு."

"ஏன் மாமா? எழுதியிருந்தா வேற செஞ்சு..."

"செஞ்ச பொருள் நல்லா கீது" என்றார் மாமனார், மலைப்பக்கம் பார்த்துக்கொண்டு. "எடம் சரியில்ல."

அதோடு முடியவில்லை. எங்கள் தாங்கல் பள்ளத்தைப் பார்த்து மட்டும்தான் நிற்கும்; குட்டைக் கால் மேட்டில், வளைவு பள்ளத்தைப் பார்த்து என்றல்லவா பற்றவைத்திருந்தோம்? பன்றியோ மேலேயிருக்கும் காட்டிலிருந்து இறங்குவது. துப்பாக்கிக்கு முதுகுப் பக்கம். அதற்கு மாமனார் போட்ட திட்டம்: பன்றியின் வழியை மாற்றுவது. கொல்லையின் மேல் பக்கமும் இரண்டு பக்கவாட்டும் இடுப்புயரத்துக்கு முள்ளை வெட்டிப் போட்டு, கல் ஏற்றி, அடைத்துவிட்டார். கீழ்ப் பக்கத்தை மட்டும் திறந்து வைத்தார். பன்றி இனிமேல் வர வேண்டுமென்றால் மலையைச் சுற்றி இறங்கி, ஊருக்குள் புகுந்து, பஸ் நிற்கும் இடம் தாண்டி, நாய்களைச் சமாளித்து, கீழேயிருந்து ஏறி, துப்பாக்கிக்கு நேரே வந்து நிற்க வேண்டும்.

ஒரு பன்றியும் வரவில்லை.

"பத்து வருசமா வேலி போடுங்க, வேலி போடுங்கன்னு தொண்டை கிழியக் கத்தினேன்" என்றார் மாமியார். "பட்டாளத்தான் வேலிக்குப் பின்னால ஒளிய மாட்டானாம். இப்ப ஸ்டாண்டுக்காகப் போட்டாராம். மல்லாட்டை முழுசாக் கெடைச்சுது. இதை நான் யார்கிட்ட போய்ச் சொல்றது?"

களத்தில் மல்லாட்டை குவிந்து கிடந்தது. என் மகள் அதன் மேல் ஏறிச் சறுக்கிக்கொண்டிருந்தாள். அந்த வருஷம் துப்பாக்கியிலிருந்து ஒரு குண்டும் போகவில்லை. ஆனாலும் தினமும் சாயங்காலம் மாமனார் தாங்கலுக்குப் பின்னால் உட்கார்ந்து, கை நடுங்காமல், ஊரின் பஸ் நிற்கும் இடத்துக்கு மேலே ஆகாயத்தைக் குறி பார்த்துவிட்டு வருவாராம்.

அன்றைக்கு என்னையும் பக்கத்தில் உட்காரச் சொன்னார். இரண்டு கைப்பிடி மல்லாட்டையை என் மடியில் போட்டார். கொஞ்ச நேரம் இரண்டு பேரும் உரித்துத் தின்றோம்.

"மாப்ள."

"சொல்லுங்க மாமா."

"மேல ஒரு துண்டு நெலம் வாங்கலாம்னு கீறேன். அங்கயும் பன்னி கீது. இதே மாதிரி இன்னொரு தாங்கல் செய்யச் சொல்லு."

நான் அவசரமாக எழுந்தேன். "இந்தத் தடவை நானே வந்து அளவெடுத்துட்டுப் போறேன் மாமா. இன்னைக்கே எடுக்கறேன்."

மாமனார் என் கையைப் பிடித்து உட்கார வைத்தார்.

"அளவெல்லாம் மாத்தாத. அதே அளவுல செய்யி. மலைய நான் பாத்துக்கறேன்."